கல்லூரிச் சுற்றுலாவில் இடர் எங்கே ஒளிந்திருக்கிறது: பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

2014ஆம் ஆண்டு ஜூன் 8 அன்று, ஐதராபாத்தைச் சேர்ந்த ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் இமாச்சலப் பிரதேசத்தில் மணாலியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். மண்டி மாவட்டத்தில், சாலையை ஒட்டி ஓடும் பியாஸ் ஆற்றில் படம் எடுத்துக்கொள்வதற்காகப் பாறைகளில் இறங்கி நின்றார்கள். மேலே இருந்த லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் சில நிமிடங்களில் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. 24 மாணவர்களும் உடன் சென்ற சுற்றுலா ஒருங்கிணைப்பாளர் ஒருவரும் உயிரிழந்தார்கள்.

மாணவர்களை வளாகத்துக்கு வெளியே அழைத்துச் செல்லும் ஒவ்வோர் ஆசிரியரும் இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆற்றங்கரை பயணத்தின் நோக்கம் அல்ல, போகிற வழி. தொழிற்சாலை, ஆய்வகம், அருங்காட்சியகம் என்று நாம் முறையாகக் கடிதம் எழுதி அனுமதி பெற்றுச் செல்லும் இடங்களில் பாதுகாப்பைக் கவனிக்க அங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள். தலைக்கவசம் கொடுக்கிறார்கள், எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று சொல்கிறார்கள். நான் அறிந்த பெரிய சுற்றுலா விபத்துகள் ஏறத்தாழ எல்லாமே இரண்டு இடங்களுக்கு நடுவில், வண்டியிலோ நீர்க்கரையிலோ, பயணத் திட்டத்தில் எவரும் எதையும் எழுதாத நேரத்தில் நடந்தவை. ஆகவே இடர் மேலாண்மை என்பது பார்க்கப் போகும் இடங்களின் பட்டியலைச் சரிபார்ப்பதோடு முடிவதில்லை. அந்த இடங்களுக்கு நடுவே இருக்கும் வெற்று நேரத்தைத் திட்டமிடுவதே அதன் பெரும்பகுதி.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பியாஸ் வழக்கில் இமாச்சலப் பிரதேச உயர்நீதிமன்றம் 2016இல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னபோது, அந்தப் பொறுப்பில் 60 விழுக்காட்டை மாநில மின்வாரியத்தின் மீதும், 30 விழுக்காட்டைக் கல்லூரியின் மீதும், 10 விழுக்காட்டை அரசின் மீதும் வைத்தது. எச்சரிக்கை இல்லாமல் நீரைத் திறந்தவர்கள் வேறு யாரோ என்றாலும், மாணவர்களை அங்கே இறங்கவிட்ட கல்லூரி தப்பவில்லை. இதே ஆற்றில் 1995இல் ஒரு பள்ளிச் சுற்றுலாவில் 14 மாணவர்கள் மூழ்கி இறந்த வழக்கில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்ற தீர்ப்பை உச்சநீதிமன்றம் 2001இல் உறுதி செய்தது. பெற்றோரிடம் 'எது நடந்தாலும் கல்லூரி பொறுப்பல்ல' என்று கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அந்தக் கையெழுத்து மாணவரைக் காப்பதுமில்லை. நம் கடமையைத் தீர்த்துவைப்பதுமில்லை.

பயணத்தை மணிவாரியாக எழுதுங்கள்

திருச்சியில் உள்ள ஒரு கல்லூரியின் மூன்றாமாண்டு மாணவர்கள் 48 பேர், கோவையில் ஒரு தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு உதகை போய்த் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். மாணவர் பிரதிநிதி கொண்டுவரும் திட்டம் வழக்கமாக நான்கு வரிகளில் இருக்கும்: முதல் நாள் இரவு 10 மணிக்குப் புறப்பாடு, மறுநாள் காலை தொழிற்சாலை, மாலை உதகை, மூன்றாம் நாள் ஊர் சுற்றிப் பார்த்தல், அன்று இரவே திரும்புதல். இந்த நான்கு வரிகளை வாங்கிக் கையெழுத்திடாமல், ஒரு தாளில் மணி மணியாக எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மாணவர்கள் எங்கே இருப்பார்கள், யார் அவர்களோடு இருப்பார், அந்த நேரத்தில் கிடைக்கும் மிக அருகிலுள்ள மருத்துவமனை எது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும்.

எழுதிப் பார்த்தால்தான் தெரியும். ஏறக்குறைய ஐம்பத்தைந்து மணி நேரப் பயணத்தில் தொழிற்சாலைக்குள் இருப்பது இரண்டு மணி நேரம். மீதியில் இரண்டு இரவுகள் வண்டியிலேயே கழிகின்றன; மலைப்பாதையில் ஏறுவது இருட்டும் நேரத்தில் வருகிறது; உதகையில் விடுதிக்கு வந்த பிறகு இரவு 9 மணியிலிருந்து காலை 7 மணி வரை எதுவும் எழுதப்படவில்லை; மூன்றாம் நாள் பிற்பகலில் 'கடைத்தெரு, விருப்பம்போல்' என்று மூன்று மணி நேரம் திறந்து கிடக்கிறது. பகல் முழுவதும் மலைப்பாதையில் வண்டி ஓட்டிய ஓட்டுநர் அன்றிரவே திருச்சிக்கு ஓட்ட வேண்டியிருக்கிறது. இந்தக் குறைகள் எவையும் நான்கு வரித் திட்டத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை.

திருத்தமும் அதே தாளிலேயே கிடைக்கும். திருச்சியிலிருந்து கோவை 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரவு 10 மணிக்குப் பதில் காலை 5 மணிக்குக் கிளம்பினால், காலை நேரத் தொழிற்சாலை அனுமதியைப் பிற்பகலுக்கு மாற்றிக் கேட்டால், அன்றிரவு கோவையிலேயே தங்கினால், மறுநாள் காலை வெளிச்சத்தில் மலை ஏறலாம். ஓரிரவு விடுதிச் செலவு கூடும். அந்தச் செலவைத் தாங்க முடியாது என்றால் உதகையை விட்டுவிட வேண்டுமே தவிர, தூக்கத்தை விட்டுவிடக் கூடாது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் நடைமுறை இருப்பதால், வண்டி எண்ணையும் பயண நாளையும் முன்கூட்டியே உறுதிசெய்வது எப்படியும் தேவைப்படும். அந்தச் சமயத்திலேயே மணிவாரித் திட்டத்தையும் முடித்துவிடுவது நல்லது.

திட்டத்தில் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துவதில்லை என்பதை எழுத்தில் ஒரு விதியாகவே வைத்துவிடுங்கள். தேநீருக்கும் கழிப்பறைக்கும் எங்கெங்கே நிறுத்துவது என்பதை முன்பே முடிவு செய்து எழுதுங்கள். வழியில் அருவியையோ அணையையோ பார்த்து மாணவர்கள் 'சார், அஞ்சு நிமிஷம்' என்று கேட்கும்போது மறுப்பது ஆசிரியருக்குக் கடினம். விதி தாளில் இருந்தால், மறுப்பது அவருடைய கடுமை ஆகாது.

எதை முதலில் தடுப்பது

இடர் மதிப்பீட்டுப் படிவங்களில், ஒரு ஆபத்து நிகழும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை ஒரு எண்ணும், நிகழ்ந்தால் ஏற்படும் பாதிப்புக்கு 1 முதல் 5 வரை ஒரு எண்ணும் கொடுத்து, இரண்டையும் பெருக்கிப் பார்ப்பது வழக்கம். தொடக்கத்துக்கு அது உதவும். ஆனால் பெருக்குத்தொகையை மட்டும் பார்த்தால் தவறான இடத்தில் கவனம் போய்விடும். மலைப்பாதையில் வாந்தி எடுப்பது கட்டாயம் நடக்கும், பாதிப்பு சிறிது: 5 பெருக்கல் 1, ஐந்து. கடலில் ஒருவர் மூழ்குவது அரிது, பாதிப்பு உயிர்: 1 பெருக்கல் 5, அதுவும் ஐந்து. தாளில் இரண்டும் சமம். வாந்திக்கு நெகிழிப்பையும் மாத்திரையும் போதும். மூழ்கிய மாணவரை எதைக் கொண்டும் மீட்க முடியாது. எனவே உயிரைப் பறிக்கக்கூடியவற்றைத் தனியே பிரித்து, அவற்றின் வாய்ப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் முதலில் அவற்றுக்கு வழி செய்யுங்கள். கல்லூரிப் பயணங்களில் அப்படிப்பட்டவை பெரும்பாலும் சாலை, நீர், நெருப்பு, நெரிசல், உயரமான இடம் ஆகிய ஐந்துக்குள் அடங்கிவிடும்.

வண்டியும் ஓட்டுநரும்

2022 அக்டோபர் 5 இரவு, கேரளத்தின் எறணாகுளம் மாவட்டத்திலிருந்து உதகைக்குக் கிளம்பிய ஒரு பள்ளியின் சுற்றுலாப் பேருந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. மாணவர்கள் ஐவர், ஆசிரியர் ஒருவர், அரசுப் பேருந்தில் இருந்த மூவர் என ஒன்பது பேர் இறந்தார்கள். மோதியபோது அந்தச் சுற்றுலாப் பேருந்தின் வேகம் மணிக்கு 97.7 கிலோமீட்டர். அதன் ஓட்டுநர் வேளாங்கண்ணிக்கு ஒரு பயணம் போய்வந்த கையோடு இந்தப் பயணத்தில் ஏறினார் என்று அப்போது செய்திகள் வந்தன.

நாம் வண்டி பேசும்போது ஏசி உண்டா, பாட்டுப்பெட்டி எப்படி, விளக்குகள் எத்தனை என்று கேட்கிறோம். ஓட்டுநர் நேற்று எங்கே ஓட்டினார் என்று கேட்பதில்லை. டிராவல்ஸ் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, பொதுவாக ஒரு நாளில் எட்டு மணி நேர வேலையையும், தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேர ஓய்வையும் வரையறுத்தது. இந்த அளவைத் தாண்டும் பயணம் என்றால் இரண்டு ஓட்டுநர்கள் வேண்டும்; இரண்டாமவர் பெயரும் உரிம எண்ணும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கிளீனரை இரண்டாம் ஓட்டுநர் என்று காட்டுவது நடக்கிற ஒன்றுதான். உரிமத்தைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஓட்டுநர் எங்கே தூங்குகிறார் என்பது. பல விடுதிகளில் மாணவர்களுக்கு அறை எடுத்துவிட்டு ஓட்டுநரை வண்டியிலேயே படுக்கச் சொல்கிறோம். மலையின் குளிரில் இருக்கையில் சுருண்டு படுத்தவர், மறுநாள் கொண்டை ஊசி வளைவுகளில் 48 பேரை இறக்கிக் கொண்டுவருகிறார். விடுதி பேசும்போதே ஓட்டுநருக்கும் ஒரு கட்டிலைச் சேர்த்துப் பேசுங்கள். இந்த வழிகாட்டியில் நான் சொல்பவற்றில் மிகக் குறைந்த செலவில் அதிகப் பயன் தருவது இதுதான்.

வண்டியின் பதிவெண் பலகை மஞ்சளா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை கொண்ட சொந்த வண்டியை வாடகைக்கு எடுப்பது சட்டத்துக்கு ஒவ்வாதது, காப்பீட்டிலும் சிக்கல் தரும். தகுதிச் சான்று, அனுமதி, காப்பீடு ஆகியவை நடப்பில் உள்ளனவா என்பதை மத்திய அரசின் எம்பரிவாகன் (mParivahan) செயலியில் பதிவெண்ணைக் கொண்டு நீங்களே பார்க்கலாம். கிளம்பும் நாளில் வேறு வண்டி வந்து நின்றால் இந்தச் சோதனையை மறுபடி செய்யாமல் ஏறக் கூடாது. அவசர வழி திறக்கிறதா, அதன் முன் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றனவா, தீயணைப்பான் இருக்கிறதா என்று ஓர் ஆசிரியர் ஏறிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஓட்டுநர் அருகே மாணவர்கள் ஆடுவதையும், ஓடும் வண்டியில் ஓட்டுநர் அறையிலிருந்து காணொளி எடுப்பதையும் முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

காட்டுச் சாலைகளின் நேரக் கட்டுப்பாட்டையும் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பந்திப்பூர் வழியே இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. சத்தியமங்கலத்தில் திம்பம் மலைப்பாதையிலும் இரவுத் தடை இருக்கிறது. இதை மறந்து கிளம்பும் குழு, கதவு மூடுவதற்குள் சோதனைச்சாவடியை அடைய வேண்டும் என்று ஓட்டுநரை விரட்டும்.

தண்ணீர்

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐவர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். ஒரு திருமணத்துக்கு வந்தவர்கள், கடலைப் பார்க்கப் போனார்கள். அந்த நாட்களில் 'கள்ளக்கடல்' பற்றிய எச்சரிக்கை நடப்பில் இருந்தது. பெயரே விளக்கம்: திருடனைப் போலச் சொல்லாமல் வரும் கடல். தெற்கே இந்தியப் பெருங்கடலின் தொலைவில் எழும் புயல்காற்று கிளப்பும் நீண்ட அலைகள் பல நாட்கள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. இங்கே காற்றும் இல்லை, மழையும் இல்லை, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் திடீரென்று கரையேறும். கண்ணால் பார்த்து இதை எடைபோட முடியாது. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் எச்சரிக்கையைக் கடற்கரை மாவட்டங்களுக்குப் போகும் நாளில் காலையிலேயே பார்த்துவிட வேண்டும்.

அருவிகளிலும் இப்படித்தான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தபோது 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை, சில நிமிடங்களில் அருவிக்கு வந்துவிடும். நீர் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும், யாரையும் கேட்காமல் எல்லாரையும் உடனே மேட்டுக்கு ஏற்ற வேண்டும். அணைக்குக் கீழே உள்ள ஆற்றுப்படுகையில் இறங்குவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே என்ன நடக்கிறது என்பது கீழே நிற்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

என் நிலைப்பாடு இது: கல்லூரிப் பயணத்தில் கடலிலும் ஆற்றிலும் இறங்கிக் குளிப்பதற்கு இடமில்லை. நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும், முழங்கால் அளவு மட்டும் என்ற சலுகைகள் செயல்படுவதில்லை. முழங்கால் அளவு நீரில் நிற்பவரின் காலடி மணலை அலை பறித்துவிட்டால், அடுத்த அலையில் அவர் இடுப்பளவுக்குப் போய்விடுகிறார். நண்பர் மூழ்குவதைப் பார்த்து இரண்டாமவர் குதிப்பதும், அவரைப் பிடிக்க மூன்றாமவர் குதிப்பதும்தான் ஒரே நேரத்தில் பலர் இறப்பதற்குக் காரணம். ஆகவே, கடற்கரைக்குப் போனால் யாராவது நீரில் சிக்கினால் கயிறு, காலி நீர்க்குடம், துப்பட்டா என மிதப்பதையோ எட்டுவதையோ எறிய வேண்டும், குதிக்கக் கூடாது என்று வண்டியிலிருந்து இறங்கும் முன்பே சொல்லுங்கள்.

படகில் ஏறினால் உயிர்காப்பு உடை ஒவ்வொருவர் உடலிலும் கட்டப்பட்டிருக்க வேண்டும். படகின் மூலையில் குவிந்து கிடப்பது கணக்கில் வராது. 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அந்தப் படகில் கொள்ளளவுக்கு மேல் ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தார்கள். 'இன்னும் நாலு பேர் ஏறலாம்' என்று படகுக்காரர் சொல்லும்போது, நான்கு பேரை அடுத்த படகுக்கு நிறுத்திவைப்பது உடன் வந்த ஆசிரியரின் வேலை.

வானிலையும் முன்பணமும்

இந்திய வானிலை ஆய்வுத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருகிறது; 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை எதிர்பார்க்கப்படும்போது சிவப்பு வரும். போகும் மாவட்டத்துக்கும், வழியில் உள்ள மாவட்டங்களுக்கும் இதைப் பார்க்க வேண்டும். ஆரஞ்சு என்றால் மலைப்பகுதிப் பயணம் தள்ளிவைக்கப்படும், சிவப்பு என்றால் எந்தப் பயணமும் இல்லை என்பதை முன்பே எழுதிவைத்து, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பும், முந்தைய நாள் மாலையும், அன்று காலையும் பார்த்து முடிவெடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர மாவட்டங்களையும், ஜூன் முதல் செப்டம்பர் வரை மூணாறு, வால்பாறை, நீலகிரியின் மேற்குப் பகுதி ஆகியவற்றையும் தவிர்த்தால் பாதிக் கவலை குறையும்.

ஆனால் தவறான முடிவுகள் எடுக்கப்படுவதற்கு வானிலை தெரியாமல் போவது காரணமாக இருப்பதில்லை. கொடுத்த பணம்தான் காரணம். முன்பணம் திரும்ப வராது என்ற நிலையில், மாணவர்கள் வீட்டில் கேட்டு வாங்கிய தொகையை இழக்கச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் வாய் வராது. எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே, அரசு எச்சரிக்கை இருந்தால் வேறு தேதிக்கு மாற்றித் தர வேண்டும் என்ற ஒரு வரியை டிராவல்ஸ், விடுதி ஆகிய இரண்டின் ஒப்பந்தத்திலும் எழுதி வாங்குங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் பேச வேண்டாம்.

மலையேற்றம் திட்டத்தில் இருந்தால் வனத்துறையின் அனுமதியும் அவர்கள் தரும் வழிகாட்டியும் இல்லாமல் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென விதிகள் வகுக்கப்பட்டன. கோடையில் காய்ந்த புல்வெளி உள்ள பாதைகள் எவ்வளவு எளிதாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

ஆட்களைத் தெரிந்துகொள்வது

பெற்றோருக்கு அனுப்பும் ஒப்புதல் கடிதத்தில் மணிவாரித் திட்டத்தையே இணையுங்கள். எங்கே தங்குகிறார்கள், நீர்நிலை உண்டா, இரவுப் பயணம் உண்டா என்று தெரிந்த பிறகு கொடுக்கும் கையெழுத்துதான் ஒப்புதல். கடிதத்தோடு ஓர் உடல்நலப் படிவமும் போகட்டும்: ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை, இதயக் குறை, எந்த மருந்துக்கும் உணவுக்கும் ஒவ்வாமை, தினமும் எடுக்கும் மாத்திரை, இரத்த வகை. இந்தப் படிவத்தை மாணவர் பிரதிநிதி வாங்கக் கூடாது. வலிப்பு உள்ள மாணவர், வகுப்புத் தோழர் கையில் அதை எழுதிக் கொடுக்க மாட்டார். மூடிய உறையில் ஓர் ஆசிரியரிடம் நேரே வர வேண்டும்; பயணம் முடிந்ததும் கிழித்துவிட வேண்டும்.

மாணவர் 15 அல்லது 20 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது என் கணக்கு. மாணவியர் இருந்தால் ஆசிரியை கட்டாயம். அவர் கடைசி நேரத்தில் வர இயலாமல் போனால் மாற்று ஆசிரியை யார் என்பதும் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும். பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், கல்விச் சுற்றுலாவையும் களப்பயணத்தையும் அதற்கான போக்குவரத்தையும் வளாகத்தின் பகுதியாகவே கருதுகின்றன. அதாவது உதகை விடுதியின் தாழ்வாரத்தில் நடப்பதும் கல்லூரியில் நடப்பதாகவே கொள்ளப்படும். உள்ளகப் புகார்க் குழுவின் தொடர்பு எண் ஒவ்வொரு மாணவியிடமும் இருக்க வேண்டும். அறைகளின் உள்தாழ்ப்பாள்களை ஆசிரியை ஒருவர் முதலில் போய்ச் சோதித்துவிட்டு, பிறகு சாவியைக் கொடுங்கள்.

ஒவ்வொரு முறை வண்டி நகரும் முன்பும் ஆட்களை எண்ண வேண்டும். 'எல்லாரும் வந்தாச்சா?' என்ற கேள்விக்கு எப்போதும் 'வந்தாச்சு சார்' என்றுதான் பதில் வரும். நான் பொறுப்பேற்ற ஒரு பயணத்தில் அப்படிக் கிளம்பி, பத்து கிலோமீட்டர் கடந்த பிறகு கழிப்பறையில் விடப்பட்ட ஒரு மாணவியின் அழைப்பு வந்தது. அன்றிலிருந்து மாணவர்களுக்கு 1 முதல் வரிசை எண் கொடுத்து, அவரவர் எண்ணை அவரவரே உரக்கச் சொல்ல வைக்கிறேன். அடுத்தவருக்காக யாரும் சொல்லக் கூடாது.

உணவு விஷயத்தில், வழியில் சாப்பிடக் கட்டிக்கொண்டு போகும் சோறு பல மணி நேரம் வண்டியின் சூட்டில் இருந்தால் கெட்டுவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். சூடாகப் பரிமாறும் உணவகத்தை முன்பே பேசி வைப்பது மேல். வடமாநிலங்களுக்கு ரயிலில் போகும் குழுக்கள் சமையற்காரரையும் சிலிண்டரையும் கூட்டிச்செல்லும் பழக்கம் அறவே நிற்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் கள்ளத்தனமாகக் கொண்டுவரப்பட்ட எரிவாயு சிலிண்டரால் தீப்பற்றி ஒன்பது பேர் இறந்தார்கள்.

வெளியிடங்களில் நிகழ்ச்சிகள்

வாடகை அரங்கிலோ திறந்தவெளியிலோ நடக்கும் கலைவிழாவுக்கும் இதே முறைதான். நிகழ்ச்சி நடக்கும் நேரத்தைவிடக் கூட்டம் உள்ளே வரும் நேரமும் வெளியேறும் நேரமும்தான் கவலைக்குரியவை. 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இசை நிகழ்ச்சிக்காகக் காத்திருந்த கூட்டம், மழை வந்ததும் திறந்தவெளி அரங்குக்குள் ஒரே வழியாக நெருக்கியடித்து நுழைந்தபோது, படிக்கட்டில் விழுந்தவர்கள் மிதிபட்டு நால்வர் இறந்தார்கள். அது வளாகத்துக்குள்ளேயே நடந்தது. தெரியாத வாடகை இடத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

நிகழ்ச்சிக்கு முன் ஒரு மாலை, அதே நேரத்தில் அந்த இடத்துக்குப் போய் நடந்து பாருங்கள். எத்தனை வாயில்கள் என்று உரிமையாளர் சொல்வதை எழுதாதீர்கள். எத்தனை வாயில்கள் திறக்கின்றன என்று தள்ளிப் பார்த்து எழுதுங்கள். வாயிலுக்கு வெளியே படிக்கட்டா, சாய்தளமா, விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வாயிலைத் தாமதமாகத் திறப்பதும், வெளியே மழை வந்தால் ஒதுங்க இடமில்லாமல் கூட்டத்தை நிறுத்திவைப்பதும்தான் நெரிசலை உண்டாக்குகின்றன. அரங்கின் கொள்ளளவுக்கு மேல் ஒரு நுழைவுச்சீட்டுகூட அச்சாகக் கூடாது. கூட்டம் நெருங்குகிறது என்று தெரிந்ததும் இசையை நிறுத்தி விளக்கைப் போடச் சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர் யார் என்பது ஒலிப்பதிவாளருக்கும் மேடைத் தொகுப்பாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏதாவது நடந்துவிட்டால்

112, 108 ஆகிய எண்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, 'நாம் எங்கே இருக்கிறோம்' என்பது. மலைப்பாதையில் எந்த வளைவு, எந்தக் கிலோமீட்டர் கல் என்று ஒருவர் கவனித்துக்கொண்டே வர வேண்டும். மாணவர் பட்டியல், பெற்றோர் எண்கள், காப்பீட்டு விவரம் ஆகியவை தாளில் அச்சிடப்பட்டு இரண்டு ஆசிரியர்களிடம் தனித்தனியே இருக்கட்டும். கைப்பேசியில் மட்டும் இருந்தால், சிக்னல் இல்லாத இடத்திலும் மின்னேற்றம் தீர்ந்த இரவிலும் பயன்படாது. குழு விபத்துக் காப்பீடு எடுக்கும்போது, திட்டத்தில் உள்ள மலையேற்றமும் படகுச் சவாரியும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கல்லூரியில் ஒருவர் இருபத்து நான்கு மணி நேரமும் தொலைபேசியை எடுக்கும் பொறுப்பில் இருக்க வேண்டும். இரவு 2 மணிக்கு அழைத்தால் எடுக்கிறாரா என்று முதல் நாள் இரவே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். விபத்து நடந்தால் களத்தில் உள்ள ஓர் ஆசிரியர் காயமடைந்தவரோடு மருத்துவமனைக்குப் போக, இன்னொருவர் மற்ற மாணவர்களை ஒரே இடத்தில் அமர்த்தி எண்ணிக்கொள்ள, பெற்றோருக்குச் செய்தி சொல்வதை மட்டும் கல்லூரியில் இருப்பவர் செய்ய வேண்டும். பெற்றோருக்கு முன் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி போய்ச் சேரக் கூடாது. இதை மாணவர்களிடம் கிளம்பும் முன்பே, காரணத்தோடு சொல்லிவிட்டால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்கிறார்கள்.

திரும்பி வந்த வாரத்திலேயே உடன் போன ஆசிரியர்களும் மாணவர் பிரதிநிதிகளும் அரை மணி நேரம் உட்கார்ந்து, நடக்கவிருந்து நடக்காமல் போனவற்றை எழுதுங்கள்: தாமதமாக வந்த ஓட்டுநர், தாழ்ப்பாள் இல்லாத அறை, படிக்கட்டில் தடுக்கி விழப்போனவர், விதியை மீறி நின்ற ஒரு நிறுத்தம். யார் மீது குற்றம் என்று எழுத வேண்டாம். எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். அந்தத் தாளை மணிவாரித் திட்டத்தோடு சேர்த்து, அடுத்த ஆண்டு பொறுப்பேற்கப் போகும் ஆசிரியரின் கையில் கொடுங்கள்.